வீட்டுக்கார அம்மாவின் காப்பிக்கொட்டை

12-8-1973, ஞாயிறு. புதுப்பட்டினம்.

கறி சமைக்கக் கூடாதென்று சொல்லித்தான் இந்த வீட்டை வாடகைக்கு விட்டார்கள். இன்று சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இவர் வாங்கிவந்த பெரிய இரும்பு மெஷினில் கோலா உருண்டைக்குக் கறி அரைத்தேன். மேசையே ஆடியது. வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். வாசலை மறித்து நின்றேன்.

"உள்ள இன்னா கடகடன்னு சத்தம்?"

"காப்பிக்கொட்டை அரைக்கிறேம்மா."

திரும்பிப் போனார். தொல்லை விட்டது என்றிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு டப்பாவோடு வந்தார்.

"எங்க மெஷினு ரிப்பேரா கீது. இந்தக் கொட்டைய வெச்சிரு. காலைல நானே வந்து அரைச்சுக்கிறேன்."

மெஷினைக் கழற்றி, சோடா உப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டேன். ஒரு பாகத்தை இவரிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.