ஆறுமணிக்குருவிக்கு விட்ட வரி

பெயிண்டரே,

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பைபாஸ் ஓரம் டீக்கடையில் நின்றிருந்தேன். நாமக்கல் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று டீக்காக ஒதுங்கியது. பின்கதவில் மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு குருவி. வெயிலில் நிறம் வெளுத்து, சேறு தெறித்து, பாதிதான் தெரிந்தது. ஆனாலும் அந்தத் தொங்கின வாலைப் பார்த்ததும் கையிலிருந்த டீயை மறந்துவிட்டேன். மயில் வரைவார்கள், கழுகு வரைவார்கள். லாரியில் ஆறுமணிக்குருவியை வரைய உங்களைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

எனக்குச் சர்க்கரை, உங்களுக்கு இடுப்புவலி. இருவரையும் சைக்கிள் மிதிக்கச் சொன்னது நம்மூரில் ஒரே டாக்டர்தான். என் ஜவுளிக்கடை வாசலில் சேர்ந்து கிளம்புவோம். நான் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வருவேன். நீங்கள் நாமக்கல் லாரிப் பட்டறைக்கு பஸ் பிடிப்பதற்குள் திரும்ப வேண்டும். ஒருநாள் வாய்க்கால் ஓரத்துக் கம்பியில் உட்கார்ந்திருந்த பச்சைக் குருவியை நீங்கள் கிளி என்றீர்கள், நான் பஞ்சுருட்டான் என்றேன். அந்தச் சண்டையில்தான் நம் நோட்டு பிறந்தது. இருவரும் கண்ணால் பார்த்தால்தான் பறவை நோட்டில் ஏறும் என்று விதி போட்டவன் நான். விதி போடுவதில் எனக்கு இருக்கும் ஆசை உங்களுக்குத் தெரியாததா.

பிறகு, நாலு வருஷத்துக்கு முந்தின அந்தப் பங்குனி. வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக நீங்கள் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். திடீரென்று நின்று, திரும்பாமலே கையை உயர்த்தினீர்கள். நானும் நின்றேன். நின்றவன் சும்மா நிற்காமல், கடை வாசலில் போடுகிற பழக்கத்தில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். டணார் என்று ஒரு சத்தம். அகத்தி நிழலில் ஏதோ விருட்டென்று போனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அசைந்த இலைதான்.

பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை என்று மூச்சுவிடாமல் சொன்னீர்கள். டப்பாவில் மிஞ்சின பெயிண்டையெல்லாம் அதன்மேல் ஊற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். கடைக்கு வந்து என் பறவைப் புத்தகத்தைப் புரட்டினால் அச்சாக அதே குருவி. வடக்கே திரும்பும் முன் பங்குனி வரை நம் பக்கம் தங்குவது, காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூப்பிடுவது. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "முன்னாடியே இந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க" என்றேன்.

உங்கள் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் சண்டைக்கு வரவில்லை. "நோட்டுல ஒரு வரி எடம் உடுங்க பாய். குருவி வர்றப்ப வரட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாளே என் சைக்கிள் ஸ்டாண்டைக் கழற்றி எறிந்தேன். ஆனால் உங்களை நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கொடிக்கால் பக்கமே போகாமல் வேறு பாதையில் உங்களை இழுத்துப் போனேன். நோட்டில் ஏறாத குருவியை நீங்கள் லாரியில் ஏற்றினீர்கள். பட்டறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினபோதும் குறை சொன்னேன். புத்தகத்தில் வால் நேராக இருக்கிறதே, இது ஏன் தொங்குகிறது?

"நான் பாத்தப்ப வாலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. ஆட்டறதைக் கதவுல எப்படி வரையறது? கீழ வந்தப்ப இருந்த மாதிரி வரைஞ்சேன்."

போன ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

லாரியைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. இன்று பங்குனி ஞாயிறு, விடியும்போதே கொடிக்காலில் இருந்தேன். வெற்றிலை பறித்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்ததும், "பாய் நீங்கதானுங்களா? பெயிண்டரு வரலீங்களா?" என்றார். நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். பறித்த வெற்றிலையைக் கூடையில் வைத்துவிட்டு வரப்பைக் காட்டினார்.

"வருசா வருசம் பங்குனியில ஒத்தையா வந்து இந்த வரப்புல உக்காந்திருப்பாருங்க. குருவி வருதான்னு நல்லாப் பார்த்துக்கிட்டுத்தான் பாயைக் கூட்டிட்டு வரோணும், அவரு வந்து ஏமாறக் கூடாதும்பாரு."

என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லையே பெயிண்டரே. சந்தேகப்பட்டவன் நான், எனக்காகக் காத்திருந்தது நீங்களா?

ஸ்டாண்டு இல்லாத சைக்கிளைச் சத்தமில்லாமல் மண்ணில் படுக்க வைத்துவிட்டு அதே வரப்பில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு இரண்டு சுரத்தில் ஒரு கூவல். கொஞ்ச நேரத்தில் அகத்தி அடியில் சருகு புரண்டது. தத்தி வந்தது. பச்சை, நீலம், சிவப்பு, நீங்கள் சொன்ன எல்லாமே இருந்தன. ஒரு சருகைப் புரட்டிப் போட்டுவிட்டு நின்றது. அந்தக் குட்டை வால் மெதுவாகக் கீழே இறங்கியது, மேலே ஏறியது, மறுபடி இறங்கியது. ஏன் ஆட்டுகிறது? பயமா, யோசனையா, சும்மாவா? நீங்கள் இருந்திருந்தால் இதைப் பேசியே நாலு மைல் மிதித்திருப்போம். எனக்கு அழுகையும் வந்தது, அதன் காலில் ஒட்டியிருந்த ஈரமண் என்ன நிறம் என்று பார்க்கும் ஆசையும் வந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். நீங்கள் கேட்டு வாங்கின வரி அப்படியே இருக்கிறது. விதிப்படி இருவரும் பார்த்தாயிற்று. பறவையின் பெயரையும், வாலை ஆட்டியதையும், நீங்கள் பார்த்த நாளையும் எழுதினேன். நான் பார்த்த இன்றைய நாளை அதில் சேர்க்கவில்லை, அது உங்கள் வரி. குருவி வந்த அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது உங்களையும் அல்ல, குருவியையும் அல்ல, என் சைக்கிள் ஸ்டாண்டைத்தான்.