மரியநாயகி பேசின கசெற்

எழுவைதீவு
14.02.1989

அன்பு மகள் ஞானசவுந்தரிக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் பலமாக வாசித்துக்கொண்டு போனேன், என்னை ஏசின இடம் வந்ததும் இருமல் வந்ததுபோல் காட்டி அந்த வரியை விழுங்கிவிட்டேன். ஆராய்ச்சிக்கு எழுதினதைக் கொம்பியூட்டரில் பூட்டி வைக்க ஒரு சொல் வேண்டும், உனக்கு ஏதும் நடந்தால் திறக்க எனக்கும் தெரிந்திருக்க வேண்டும், வேறொருவருக்கும் தெரியக் கூடாது என்று கேட்டிருந்தாய். நானும் நாள் முழுக்க யோசித்து எங்கள் வள்ளத்தின் பெயரை எழுதி அனுப்பினேன். அதைத்தானே அப்பா வள்ளத்தின் ரெண்டு பக்கமும் சிவப்புப் பெயின்றால எழுதி வைச்சிருக்கிறியள் என்று கேட்டிருக்கிறாய். ஓம் பிள்ளை, எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்டால் இப்படித்தான். அதையும் கடிதத்திலேயே எழுதினேன், வழியில் எத்தனை பேர் உடைத்துப் பார்க்கிறார்களோ.

இந்தத் தீவில் ஒருவருக்கும் தெரியாத சொல்லுக்கு நான் எங்கே போவேன், உன் செல்லப் பெயர் கோயில் மணி அடிக்கிறவருக்கும் தெரியும். கடைசியில் ஒன்று அகப்பட்டது. சின்ன வயதில் அடம்பிடித்து என்னோடு கடலுக்கு வந்தாயே, அன்று பாரை மீன் அள்ளின இடத்தை மறக்காமலிருக்கக் கரையில் தெரிந்த இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேரே ஒன்றாக வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை என் கூடப்பிறந்த இன்னாசித்தம்பிக்கும் சொன்னதில்லை, கேட்கும்போதெல்லாம் வேறு திசையைக் காட்டிவிடுவேன். அந்த இரண்டையும் சேர்த்து எழுதிப் பூட்டு. இந்தக் கடிதம் தபாலில் இல்லை, அங்கே வருகிற சுவாமியார் கையில் வருகிறது, என்றாலும் இங்கே எழுத மாட்டேன், நான் திருந்திவிட்டேன்.

மரியநாயகி வந்தாள். தன் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று அவள் உன் ஆராய்ச்சிக்காகக் கசெற்றில் பெயரோடு சொன்னது வெளியே போனால் இளையவனையும் விட மாட்டார்கள் என்று நடுங்குகிறாள். பிள்ளை உன் பெயரை மாற்றி எழுதிப் பூட்டிவிடுவாள், பயப்படாதே என்றேன். பூட்டுறது சரி அண்ணை, உங்கட அலுமாரியில கிடக்கிறதை என்ன செய்யிறியள் என்று கேட்டாள். நீ எழுதினதும் அதுதானே, கசெற்றை அழித்துவிடுங்கோ என்று. அவள் கண்முன்னாலேயே நாடாவை இழுத்துக் குசினி அடுப்பில் போட்டேன். அம்மா நாற்றம் தாங்காமல் ஏசினாள். ஏன் அண்ணை கண் கலங்குது என்று மரியநாயகி கேட்டாள், புகை என்றேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, செபமாலையை விடாதே, அந்தச் சொல்லை எங்கேயும் எழுதி ஒட்டி வைக்காதே. மாதா உனக்குத் துணை. மரியநாயகிக்கும் அம்மாவுக்கும் நான் சொல்லாதது ஒன்று. அந்தக் கசெற்றின் தொடக்கத்தில் ஒண்டு, ரெண்டு, கேக்குதோ என்று நீ சொல்லிப் பார்க்கிறாய், பிறகு அப்பா, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கோ என்று எனக்கு ஓர் அதட்டல். நீ போன நாள் தொட்டு நான் கேட்டது அவ்வளவுதான், மரியநாயகி பேசத் தொடங்குமுன் நிறுத்திவிட்டுத் திரும்பவும் முதலுக்குச் சுற்றுவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
சூ. யாக்கோப்பு