டேப் ஒட்டிய பட்டன்

வியாழன், இரவு

பாட வீடியோ என்ற பெயரில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பொய் காட்டுகிறோம்.

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில், தகடு வெட்டும் பிரஸ் மெஷினைப் படம் பிடித்தேன். கை நசுங்காமலிருக்க, இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் அது இறங்கும். அங்கே ஒரு பட்டன் அழுந்தியே இருக்கும்படி டேப் ஒட்டியிருந்தார்கள். ஏனென்று மெஷின் ஓட்டும் செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"ரெண்டையும் அமுக்கிட்டிருந்தா டார்கெட்டை உங்க மாமனாரா வந்து முடிப்பாரு?"

"கை போச்சுன்னா?"

"போனவ எடத்துலதான் நிக்கிறேன், தம்பி."

இன்று எங்கள் எடிட்டர் வீடியோவில் அந்த டேப் தெரியாதபடி அழித்துவிட்டான். "மெஷின் எப்படி ஓடுதுன்னு பசங்களுக்குத் தெரிஞ்சா போதும், மச்சா."

இப்படித்தானே ஓடுகிறது? நாளை அந்த மெஷின் முன்னால் நிற்கப்போவதும் அதே பசங்கள்தான்.

எங்கள் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: அக்காவின் முகம் வேண்டாம், டேப் இருக்கட்டும். அதை ஒட்டச் சொன்னது யார் என்றும் வீடியோவில் கேட்போம். படித்துவிட்டார், நீலக் குறி தெரிகிறது.

பதில் சொல்லுங்கள், சார்.