இரண்டாம் செவ்வாய்

அக்டோபர் 14, செவ்வாய்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எடப்பாடியில் தறி ஓட்டும் பழனியப்பன் அண்ணனுக்கு மாதாமாதம் இரண்டாம் செவ்வாயன்று வீட்டுக்கே போய்ச் சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறேன். ஒரு வருடமாக அளவு சரியாகவே இருந்தது. நானும் ‘கட்டுக்குள் உள்ளது’ என்றே எழுதிவந்தேன். இன்று அவருடைய கால் விரல் கறுத்திருந்தது. அவர் மனைவி அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

“நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் போட்டுக்குவேனுங்க அம்மணி. பட்டினியும் கெடப்பேன். அளவு ஏறுனா வைவீங்கன்னுதானுங்க.”

வைதது உண்மைதான். பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது:

“அடுத்த மாசமும் ரெண்டாஞ் செவ்வாய் வாரேனுங்கண்ணா.”