மேலடுக்கு

ஹைடல்பெர்க், ஜெர்மனி
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் "எப்ப வர்ற?" என்று தொடங்கிச் சண்டையில் முடிகிறது. அதனால்தான் கடிதம்.

நல்ல செய்தி. புதிதாக நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இருநூறு கேலக்ஸிகளை அளந்து முடித்துவிட்டேன். அவற்றின் வெளிச்சம் கிளம்பி ஆயிரத்து இருநூறு கோடி வருடம் ஆகிறது. ஒவ்வொன்றும் அகலத்தில் நம் பால்வீதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அத்தனையும் பொடிசு! இதைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஆகஸ்டில் வீட்டில் இருப்பேன், சத்தியம்.

உங்கள் மனைவி,
பிளசி

பாலக்கோடு
20.2.2025

அன்பு பிளசி,

காலண்டரில் ஆகஸ்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டேன்.

நேற்று தக்காளி மண்டியில் என் மானம் போயிற்று. வழக்கம்போலப் பெரிய பழங்களை மேலே அடுக்கி, சின்னதையெல்லாம் அடியில் தள்ளியிருந்தேன். மண்டிக்காரர் மாதையன் பெட்டியைத் தரையில் கவிழ்த்துவிட்டு, "ஏங்க அமல்தாசு, மேலாப்புல பார்த்து மயங்கறதுக்கு நான் என்ன புது மாப்பிள்ளைங்களா?" என்றார். மண்டியே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சும்மா ஒரு சந்தேகம். உன் இருநூறு பொடிசுகளை உனக்கு அடுக்கிக் கொடுத்தது யார்? அடியில் கிடப்பதைப் பார்த்தாயா?

உன் அமல்தாஸ்

ஹைடல்பெர்க்
7.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. தக்காளிக்காரருக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன், மன்னியுங்கள். பிறகு தூக்கம் வரவில்லை.

நான் அளந்தது மேலடுக்கைத்தான். வெளிச்சம் ஓரிடத்தில் குவிந்தவை பளிச்சென்று தெரியும். பரந்து கிடப்பவை மங்கி, இருட்டோடு கலந்துவிடும். ஒரே இடத்தைத் தொலைநோக்கி பலமுறை எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். முழு கேலக்ஸி என்று நான் எழுதியது சிலவற்றில் ஒரு நட்சத்திரக் கொத்து மட்டும்தான். சுற்றிலும் இன்னும் நாலைந்து கொத்துகள், அவற்றையும் தாண்டி மங்கலாக ஒரு வெளிச்சப் பரப்பு.

பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். மறுபடி அளக்க இன்னொரு வருடம் வேலை கொடுத்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆகஸ்டில் வந்திருப்பேன். வேலையை நினைத்தால் சந்தோஷம், உங்களை நினைத்தால் அழுகை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வந்துவிடுகிறேன்.

பிளசி

பாலக்கோடு
5.5.2025

அன்பு பிளசி,

நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம்! வருத்தம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

ஆனாலும் நீ வரவேண்டாம். கவிழ்த்துப் பார்த்த பெட்டியைத் திரும்ப மேலாக அடுக்கி விற்க உனக்கு மனசு வராது. நானே இப்போது பெரியதும் சின்னதும் கலந்துதான் கொண்டுபோகிறேன். மாதையன் கவிழ்ப்பதையே விட்டுவிட்டார்.

காலண்டரில் சிவப்பு வட்டத்தை அழிக்கவில்லை. தர்மபுரி போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்டில் நான் வருகிறேன். தங்கச்சி சகாயராணி, அங்கே குளிர் கொல்லும் என்று இரண்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆகஸ்டில் வெயில் என்றால் அவளிடம் சொல்லிவிடாதே.

விமான நிலையத்தில் தூரத்தில் நான் பொடிசாகத்தான் தெரிவேன். அவசரப்பட்டு அளந்துவிடாதே, கிட்டே வரும்வரை நின்று பார்.

உன் அமல்தாஸ்