0.9 பதிப்பும் மிஞ்சிய கஞ்சியும்

கிள்ளான்,
நோன்பு 9

அன்பு மகன் சாதிக்குக்கு வாப்பாவின் ஸலாம். இக்கடிதத்தில் வருபவை:

1. எங்கள் உடல்நலம்
2. கஞ்சி விவகாரம்
3. உன் பதிப்பு எண்ணில் உள்ள பிழை
4. ஒரு வேண்டுகோள்

நானும் உம்மாவும் அல்லாஹ் கிருபையால் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். எனக்கு மட்டும் இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, காரணம் இரண்டாவது விஷயம், ஆகையால் நேரே அதற்கே போகிறேன். நம் சூரா தொழுகைக்கூடத்தில் நோன்புக் கஞ்சி வாங்குவோரைப் பதிய நீ செயலி அனுப்பியபோது தெளிவாகத்தான் எழுதியிருந்தாய்: ஆல்ஃபா என்றால் செய்தவர்களே சோதித்துப் பார்ப்பது, பீட்டா என்றால் வெளியாரிடம் கொடுத்துக் குறை கேட்பது, அடுத்தது வெளியீட்டுக்கு நிற்கும் வேட்பாளர், யாரும் கூச்சல் போடாவிட்டால் அதுவே 1.0 ஆகிவிடும். நம் சூரா தலைவர் நஜ்முதீனும் அப்படித்தான் தலைவரானார், யாரும் கூச்சல் போடவில்லை. நீ அனுப்பியது 0.9 பீட்டா, பெயர் எழுதும் பழைய நோட்டையும் கூடவே வைத்துக்கொள்ளச் சொன்னாய். ஆனால் கூட்டத்தில் அவர் “பீட்டான்னா என்னா வாத்தியாரே?” என்று கேட்டதும் எனக்கு வாய் குழறியது, மகன் பெருமையும் சேர்ந்துகொண்டது, பத்தில் ஒன்பது பங்கு முடிந்தது என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவர் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை செயலி 630 பேர் என்றது. பண்டாரி ரஃபீக் நம்பிக் காய்ச்சினார். வந்தவர்கள் 210. நம் ஆட்கள் பொத்தானை வீட்டு அழைப்பு மணி போல மூன்று முறை அழுத்துகிறார்கள், செயலியும் மரியாதையாக மூன்று பேர் என்று எழுதிக்கொள்கிறது. காப்பாரிலிருந்து மோட்டாரில் வந்த ஒருவருக்கு ஆறு டப்பா கட்டிக் கொடுத்தோம், அவர் வீட்டில் இருப்பது அவரும் மனைவியும்தான். மீதியைப் பக்கத்து மோட்டார் பட்டறைக்கு அனுப்பினோம். பட்டறை வேலாயுதம் மறுநாள் என்னைக் கண்டதும், “என்னா வாத்தியாரே, உங்க பையன் இன்னிக்கும் தப்பு பண்ணுவானா? வீட்டுல அடுப்பு பத்த வைக்க வேணாம்னு சொல்லிட்டேன் லா” என்றார். நஜ்முதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒங்க மகன் அயர்லாந்துல உக்காந்துக்கிட்டு நம்ம தலையில கஞ்சி ஊத்துறான்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டக் குறிப்பில் ‘சாதிக் செய்த செயலி உதவாது’ என்று பதிய வேண்டுமாம். செயலாளர் நான், உன் பெயரை என் கையால் அப்படி எழுத வேண்டும். மூன்று நாளாகப் பேனா எடுக்க மனம் வரவில்லை.

மூன்றாவதைப் பயந்துகொண்டே சொல்கிறேன். அந்த வெள்ளிக்கு முந்திய புதன்கிழமையே, பொத்தான் சிக்கலைச் சரிசெய்துவிட்டேன், உடனே போடுங்கள் என்று 0.10 அனுப்பினாய். முப்பத்தொரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். 0.10 என்பது 0.1, அது 0.9-ஐவிடச் சிறியது. அவசரத்தில் பழையதை அனுப்பிவிட்டாய் என்று நினைத்து, உன் மானத்தைக் காப்பாற்ற யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்காவது வேண்டுகோள்: அதையே 0.91 என்று எண்ணிட்டு ஞாயிறுக்குள் அனுப்பு, கூட்டத்தில் காட்டுகிறேன். விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டோடு தண்ணீர் நிறையக் குடி, வேலை நேரத்தில் தலை சுற்றினால் உட்கார். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பொறுமையும் தருவானாக, குறிப்பாக என்னைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமை.

இவ்வளவும் எழுதி உம்மாவிடம் படித்துக் காட்டினேன். “ஒம்போதுக்கு அப்புறம் பத்துதானே வரும்? ஒங்க மினிட் புக்குல 4.9-க்கு அப்புறம் என்னா எழுதுவீங்க?” என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தேன். 4.10, பன்னிரண்டு வருடமாக என் கையெழுத்தில். அந்தப் புள்ளிக்கும் தசமத்துக்கும் சம்பந்தமில்லை. உடனே 0.10-ஐப் போட்டோம், உம்மா கோபத்தோடு பத்து முறை அழுத்தினாள், ஒன்று என்றே காட்டியது. ஞாயிறு குறிப்பையும் எழுதிவிட்டேன்: ‘கஞ்சி மிஞ்சியதற்குச் செயலாளர் ஷாஹுல் ஹமீதே காரணம். சாதிக் உரிய நேரத்தில் அனுப்பிய திருத்தத்தை அவர் போடவில்லை.’ நஜ்முதீன் முன்னால் இதை நானே எழுந்து நின்று வாசிப்பேன். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, மகனே.

உன் வாப்பா,
ஷாஹுல் ஹமீது