பத்தாம் பின்

நாமகிரிப்பேட்டை
12-8-1986

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, சௌந்திரம் எழுதுவது. அத்தை பிழைத்துக்கொண்டார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை அத்தைக்கு நெஞ்சுவலி. உங்கள் தம்பி கண்ணுசாமி காரை எடுத்தார், மாமாவும் நானும் கூட ஏறினோம். ராசிபுரம் போகும் வழியில், நீங்கள் கப்பலில் அனுப்பிய அந்தக் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. மாமா சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ தடவிக்கொண்டிருந்தார். பயத்தில் நிலைதடுமாறிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு லாரிக்காரர் நிறுத்தி, எங்களை ஏற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

காரைக் கட்டி இழுத்துவந்து, எலக்ட்ரீசியன் சென்னியப்பனை வரவழைத்தோம். நீங்கள் அனுப்பியிருந்த ஒயரிங் படத்தை வைத்து, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒயர்கள் சேரும் பின்களின் நம்பரை நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். பெட்டிக்குக் கரண்ட் வரவேண்டியது பத்தாம் பின்னில். அங்கே மீட்டர் முள் அசையவே இல்லை. அந்த ஒயரைத் தொடர்ந்து போய், மாமா அன்று தடவிய சீட்டுக்கு அடியில் விரிப்பைத் தூக்கினால், நடுவில் வெட்டி ஒரு சுவிட்ச் போட்டிருந்தது. அதில் ஒரு முனை கழன்று கிடந்தது.

“எவனோ வேணும்னே பண்ணியிருக்கானுங்க” என்றார் சென்னியப்பன். கண்ணுசாமி போலீசுக்குக் கிளம்பிவிட்டார்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “போலீசு வேண்டாஞ் சாமி. திருட்டுப் பயம்னு சொல்லி நாந்தான் போடச் சொன்னேன். அவன் கெளம்பற அன்னைக்கி வண்டி நின்னுபோனா, ஏரோப்ளேனை உட்டுட்டு ஊட்டுலயே இருந்துக்குவான்னு நெனச்சேன்” என்றார்.

போனமுறை லீவு முடிந்து புறப்பட்டபோது, கார் கிளம்பாமல் நீங்கள் பெட்டியோடு பஸ்ஸுக்கு ஓடினீர்களே, அன்றைக்கு நடந்தது இதுதான். போகாதே என்று ஒருநாளும் சொல்லாத மனிதர்!

அத்தைக்கு இது தெரியாது. மாமா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருக்கிறார். சோறு இறங்கவில்லை. உள்ளே போய் அத்தை முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறார். சுவிட்சை எடுத்தாகிவிட்டது, கார் ஓடுகிறது. ஆனால் யாரும் அதைத் தொடுவதில்லை.

உங்களுக்கு எழுத வேண்டாம் என்று மாமா என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். இருந்தும் எழுதிவிட்டேன். அவரைக் கோபிக்காதீர்கள். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். காரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அப்பா, நான் வந்துவிடட்டுமா என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சௌந்திரம்